செக்கர் வீட்டு லிஃப்டுக்கு வந்த சோதனை

டிக்.

தடித்த அட்டையில் சின்ன இரும்புப் பல் இறங்கும் சத்தம். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகியும் செக்கரின் காதுக்குள் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முதன்முதலாக அதை எழுப்பியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஓடுகிற ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் டிக்கெட்டில் ஓட்டை போட்டார். பெரியவர் எழுந்து நின்றே விட்டார். ஒரு சின்ன சத்தத்துக்கு ஒரு முழு மனிதன் எழுந்து நிற்கிறானே என்று அன்று அவர் தலைக்குள் ஏதோ ஒன்று ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது எந்த ஸ்டேஷனிலும் இறங்கவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகர். தெருவில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். பால்காரரிடம் பாலைச் சோதிப்பார். தபால்காரரிடம் முத்திரையைச் சோதிப்பார். மழை பெய்தால் ஜன்னல் வழியே கையை நீட்டி, பெய்வது மழைதானா என்று சோதிப்பார். அவரை மட்டும் யாரும் சோதித்தது கிடையாது.

ஆகவே, "ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை" என்று தலைப்பிட்ட அரசாங்க நோட்டீஸ் வந்த காலையில் வீடு அதிர்ந்தது. நான்கு மாடிக் கட்டிடம். கீழ்த்தளத்தில் தையல் கடை. முதல் மூன்று மாடிகளில் குடித்தனங்கள். நான்காவது மாடியில் செக்கரும் அவர் மனைவியும். இத்தனை பேரையும் ஏற்றி இறக்க இருபது வயதான ஒரே ஒரு லிஃப்ட்.

"சோதனையாம்! எனக்கு!"

"உங்களுக்கு இல்லீங்க. லிஃப்டுக்கு," என்றாள் மனைவி.

"லிஃப்ட் யாருது?"

"நம்மது."

"அப்ப சோதனை யாருக்கு?"

"லிஃப்டுக்கு."

இப்படிப்பட்ட பெண்மணியோடு முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவரைப் பற்றி வாசகர்கள் சற்று இரக்கத்தோடு நினைக்க வேண்டும். அவள் தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று சொல்லிச் சொல்லி, காத்திருப்பது அவளுக்கு ஒரு கலையாகவே கைவந்திருந்தது. குரலை உயர்த்த மாட்டாள். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல மாட்டாள். இணைப்பு கிடைக்கும்வரை விடவும் மாட்டாள்.

செக்கர் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு நோட்டீஸை உரக்கப் படித்தார்.

"கட்டிட உரிமையாளர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை லிஃப்டைச் சோதனைக்குக் காட்டணும். உரிமம் உள்ள மெக்கானிக்கை வெச்சுப் பழுது பாக்கணும். அபாய மணி அடிக்கணும். எத்தனை பேர் ஏறலாம்னு எழுதி மாட்டணும். சான்றிதழைக் கண்ணுல படற மாதிரி தொங்கவிடணும். பாத்தியா? ணும், ணும், ணும்! ஒரு இடத்துல 'தயவுசெய்து' இருக்கா?"

"நீங்க டிக்கெட் கேக்கறப்ப தயவுசெய்துன்னா கேட்டீங்க?"

"அது ரயில்! இது வீடு! முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் முன்னாடி கையை நீட்டினவன் நான். எனக்கு முன்னாடி யாரும் கையை நீட்டினதில்ல."

"நான் நீட்டினேனே," என்றாள் அவள். "லிஃப்டுக்குள்ளேருந்து. நீங்கதான் வரல."

செக்கர் பென்சில் முனையைச் சோதிக்க ஆரம்பித்தார்.

அது நடந்து இருபது நாள் ஆகியிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோகம் வைத்திருந்தார்கள். படிக்கட்டு கூடவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. நான்காவது மாடிக்கு எழுபத்திரண்டு படி. அவளுக்குத் தெரு என்பது லிஃப்ட் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்குக் கைத்தடியோடு இறங்குவாள். தையல் கடை வாசலில் ஒரு நாற்காலி அவளுக்கென்றே போடப்பட்டிருக்கும். ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அவளுடைய உலகப் பயணம்.

லிஃப்டோ நாளுக்கு நாள் தன்னிஷ்டப்படி நடக்க ஆரம்பித்திருந்தது. தளத்துக்கு நான்கு விரல் கீழே நிற்கும். கிளம்பும்போது ஒரு குலுக்குக் குலுக்கும். அபாய மணி மூன்று வருஷமாக ஊமை. ஒருநாள் அவளை உள்ளே வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிக் கதவில் தட்டினாள். நாற்பது நிமிஷம் தட்டினாள். தையல்காரம்மாதான் கேட்டு ஓடிவந்து, கதவு இடுக்கில் நீண்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு வெளியே எடுத்தாள். செக்கர் அந்த நேரம் தன் பகல் தூக்கத்தில் இருந்தார். எழுந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நாப்பது நிமிஷம்தானே? எக்ஸ்பிரஸ் ரயிலே லேட்டாகுதே!" என்றார்.

 மறுநாளிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. மாலை நான்கு மணிக்குச் சமையலறை ஜன்னலில் நிற்பாள். கீழே தையல்காரம்மா கத்திரிக்கோலை உயர்த்தி ஆட்டுவாள். மேலே இவள் கரண்டியை ஆட்டுவாள். வெயில் எதிர்ச் சுவரில் ஏறி, மெல்ல மங்கி, போய்விடும். செக்கர் அதைக் கவனித்தார். ஆனால் கவனித்ததாக ஒப்புக்கொண்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே!

"எனக்குக் கீழே போகணும்," என்றாள் இப்போது. "பயமில்லாம போகணும். அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டுமே. நமக்கு நல்லதுதானே?"

"முடியாது. இந்தக் கட்டிடத்துக்குள்ள ஒரு பரிசோதகன் கால் வைக்க முடியாது. வெச்சா, அது என் பொணத்து மேலதான்!"

"அதுக்கும் லிஃப்ட் வேணுமே. எழுபத்திரண்டு படி உங்களை யாரு தூக்கிட்டு இறங்கறது?"

செக்கர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அறையில் நடந்தார். ரயில் பெட்டியின் நீளத்துக்கு நடந்து பழகியவர். சுவரில் மோதித் திரும்பி வந்து மறுபடி நோட்டீஸைப் பார்த்தார். கடைசி வரியில் கண் நின்றது. முகம் மலர்ந்தது.

"ஆஹா! 'உபயோகத்தில் இல்லாத லிஃப்டுக்கு ஆண்டுச் சோதனை தேவையில்லை.' போட்டிருக்கான் பாரு, அவன் கையாலயே!"

"நம்ம லிஃப்ட் உபயோகத்துல இருக்கே."

"இருக்கு. ஆனா புதன்கிழமை காலைல பத்தே முக்காலிலிருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்காது!"

திட்டம் ஒரு நிமிஷத்தில் தயாராகிவிட்டது. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்துவது. அறையைப் பூட்டுவது. கீழே "லிஃப்ட் உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பலகை. பரிசோதகன் பதினொரு மணிக்கு வருவான், பலகையைப் படிப்பான், போவான். பன்னிரண்டுக்கு லிஃப்ட் மறுபடி ஓடும்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "நீங்க ஒரு கதை சொல்வீங்களே. ரயிலுக்குள்ள உக்காந்துக்கிட்டு, 'நான் பயணி இல்ல சார், வழியனுப்ப வந்தவன்'னு சொல்லி ஏமாத்துவானே ஒருத்தன்."

"ஆமா. கெட்டிக்காரப் பய."

"அவனை என்ன செஞ்சீங்க?"

"அடுத்த ஸ்டேஷன்ல இறக்கினேன்!"

சொல்லிவிட்டுச் செக்கருக்கே ஒருமாதிரி இருந்தது.  மனைவி நோட்டீஸை வாங்கி ஒருமுறை பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, "சரிங்க," என்றாள்.

இந்தச் 'சரிங்க'வைக் கேட்டுச் செக்கர் பயந்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் நான்கே முறைதான் இவ்வளவு சுருக்கமாகச் சம்மதித்திருக்கிறாள். நான்கு முறையும் கடைசியில் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வெற்றி மயக்கத்தில் இருப்பவனுக்கு நினைவு சரியாக வேலை செய்வதில்லை. செக்கர் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வழக்கமான தூக்கத்தைத் தூங்கினார். அந்த வாரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார். அவர் தூங்கும்போது தலைமாட்டில் ரயிலே வந்து நின்றாலும் தெரியாது. வெள்ளிக்கிழமை மதியம் கனவில்கூட யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. நல்ல சகுனம் என்று புரண்டு படுத்தார்.

புதன்கிழமை வந்தது. செக்கர் ஆறு மணிக்கே சவரம் செய்துகொண்டார். பழைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டார். பித்தான்கள் மூன்று ஒத்துழைத்தன, இரண்டு மறுத்தன. பத்து மணிக்குக் குடித்தனக்காரர்கள் எல்லோரிடமும் போய் அறிவித்தார்.

"பத்து நாப்பத்தஞ்சுக்கு லிஃப்ட் நிக்கும். பத்து நாப்பது ஆனதும் யாரும் ஏறக் கூடாது."

தையல்காரம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே கேட்டாள். "நாப்பத்தஞ்சுன்னா சுமாரா நாப்பத்தஞ்சா, அண்ணே?"

"சுமாரா? நான் ரயில்வேக்காரன்மா! பத்து மணி, நாப்பத்தஞ்சு நிமிஷம், சைபர் விநாடி!"

"அக்கா அப்படித்தான் சொன்னாங்க," என்று அவள் கத்திரிக்கோலால் நூலை அறுத்தாள். அக்கா எதற்காக அதைச் சொன்னாள் என்று செக்கர் கேட்கவில்லை. எதிராளியின் கேள்விகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் பேர் போனவர். எதிராளி ரயிலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்து முப்பத்தெட்டுக்கு மனைவி சொன்னாள். "நான் கொஞ்சம் படுக்கறேங்க. அறைக் கதவைச் சாத்திக்கறேன். எழுப்பாதீங்க."

"படு, படு. எல்லாம் முடிஞ்சதும் சொல்றேன்."

செக்கர் மொட்டை மாடிக்கு ஏறினார். மோட்டார் அறைக்குள் எண்ணெய் வாசனை அடித்தது. வழக்கத்தைவிடப் புது வாசனை. கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நாற்பத்து நான்கு தாண்டி ஐம்பது விநாடி. சட்டென்று மோட்டார் உயிர் பெற்று ஓட ஆரம்பித்தது. கம்பி வடங்கள் சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயின. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், வெறும் கூண்டு இறங்குகிறது என்று நினைத்தார். ஒரு நிமிஷம் காத்திருந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேரம் நேரம்தான். யாருக்காகவும் வண்டி காத்திருக்கக் கூடாது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, சைபர்.

கைப்பிடியை இழுத்தார். மோட்டார் அடங்கியது. அறையைப் பூட்டினார். சாவியைக் கோட்டின் உள் பையில் போட்டு, பையின் வாயை ஊக்கால் குத்தி மூடினார். எழுபத்திரண்டு படியும் அதற்கு மேல் மொட்டை மாடிப் படியும் சேர்த்து இறங்கிக் கீழே வந்து பலகையை மாட்டினார். பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

பரிசோதகர் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் கனமான பை, கையில் டார்ச் விளக்கு, காதோரம் பென்சில். செக்கர் எதிர்பார்த்தது மீசை வைத்த ஆள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் மூன்று வாக்கியங்களும் அந்த மீசையோடு போய்விட்டன.

"நோட்டீஸ் இருக்கா சார்?" என்று அவள் கையை நீட்டினாள்.

உள்ளங்கை மேலே, இரண்டு விரல் லேசாக மடங்கி, பார்வை எங்கோ. செக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய கை! முப்பத்திரண்டு வருஷம் அவர் நீட்டிய கை! எத்தனை பேர் அதைப் பார்த்துப் பையைத் துழாவியிருப்பார்கள்! இப்போது தன்னையறியாமல் அவரே பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

சமாளித்துக்கொண்டு நிமிர்ந்தார். "சோதனை எல்லாம் தேவையில்லம்மா. பலகையைப் பாருங்க. லிஃப்ட் உபயோகத்துல இல்ல."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"ரொம்ப நாள்னா?"

"மூணு மாசமா."

அவள் குறித்துக்கொண்டாள். லிஃப்ட் பொத்தானை விரலால் தடவி விரலைப் பார்த்தாள். "தூசியே இல்லையே சார்?"

"நான் சுத்தமான ஆளு."

"யாரும் இதுல ஏறுறதே இல்லையா?"

"ஒரு ஈ ஏறாது!"

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு கடை வாசலுக்கு வந்து நின்றாள். அவளுடைய தையல் இயந்திரம் ஓடவில்லை. அது ஓடாமல் இருந்தால் தெருவுக்கே என்னவோ நடக்கப் போகிறது என்று பொருள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கட்டிடத்தின் வயிற்றிலிருந்து, காதைத் துளைத்துக்கொண்டு, கணகணவென்று புது மணிச் சத்தம்.

"அது அடிக்காதே!" என்று கத்தினார் செக்கர். "மூணு வருஷமா அடிக்காதே! கெட்டுப் போச்சே!"

பரிசோதகர் காதோரப் பென்சிலை எடுத்தாள். "மூணு வருஷமா," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

மணி நின்றது. மேலே எங்கிருந்தோ தெளிவான, அவசரமில்லாத ஒரு குரல் வந்தது. இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராக இணைப்புக் கொடுத்த குரல்.

"வணக்கம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுலேருந்து பேசறேன். கீழே பரிசோதகர் வந்தாச்சா?"

பரிசோதகர் மேலே பார்த்தாள். செக்கர் கீழே பார்த்தார்.

"உள்ளே யாரு சார்?"

"ஈ," என்றாள் தையல்காரம்மா.

"அது... அது வந்து... என் மனைவி."

"மூணு மாசமாவா?"

"இல்லம்மா," என்று மேலேயிருந்து பதில் வந்தது. "பதினெட்டு நிமிஷமா. பத்து நாப்பத்தஞ்சு, சைபர் விநாடியிலேருந்து. அவரு நேரம் தவற மாட்டாரு."

செக்கர் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார். "ஒண்ணுமில்ல, நான் போய் சுவிட்சைப் போடறேன். ரெண்டே நிமிஷம்!"

"நில்லுங்க சார். ஆள் மாட்டினா, காரணம் தெரியற வரைக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. நோட்டீஸ்ல பின்பக்கம், ஒன்பதாவது விதி."

"பின்பக்கமா?"

செக்கர் நோட்டீஸைத் திருப்பினார். பொடி எழுத்தில் பின்பக்கம் முழுவதும் விதிகள். டிக்கெட்டில் ஊர், தேதி, வகுப்பு எல்லாம் முன்பக்கத்திலேயே இருந்துவிடும். முப்பத்திரண்டு வருஷத்தில் எந்தக் காகிதத்தையும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை. இந்தப் பழக்கத்தை உலகத்தில் ஒரே ஒருத்திதான் அறிவாள். அவள் தற்போது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் இருந்தாள்.

பரிசோதகர் பொறுமையாகச் சொன்னாள். "ரெண்டு வழி இருக்கு சார். எட்டாவது விதிப்படி, லிஃப்ட் உபயோகத்துல இல்லன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, ஆளை இறக்கிட்டு இன்னைக்கே சீல் வெச்சுடுவேன். வடத்தைக் கழட்டிடணும். திரும்ப ஓடாது. இல்ல, உபயோகத்துல இருக்குன்னா, ஆள் மாட்டினதால ஒன்பதாவது விதிப்படி உங்க அனுமதி இல்லாமயே நான் முழுச் சோதனை செய்யலாம். எட்டா, ஒன்பதா?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி 'ஒன்பது' என்றிருப்பான். செக்கர் கோட்டின் மூன்று பித்தானையும் நீவிவிட்டுக்கொண்டார். தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து நின்றது.

"எட்டு! வடத்தைக் கழட்டுங்க! கூண்டையும் எடுத்துட்டுப் போங்க! என்னை ஒருத்தர் சோதனை பண்ண முடியாது. எட்டு!"

 தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் இறங்கி வந்தது. கொஞ்சமும் உயரவில்லை.

"எடுத்துட்டுப் போகட்டும். ஆனா நான் இறங்க மாட்டேன். கூண்டோட என்னையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"ஏம்மா, விளையாடறியா?"

"இல்லீங்க. இருபத்தாறு நாளா மேலே மாட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குத் தெரியல. மணி இல்லாததால கேக்கலையோ என்னவோ. இப்ப நடுவுல மாட்டியிருக்கேன். ஒன்றரை மாடி முன்னேற்றம். மறுபடி மேலே கொண்டுபோய் வெச்சுப் பூட்டினீங்கன்னா அந்த ஜன்னல்தான் எனக்கு. அதுக்கு இதுவே பரவாயில்ல. தலையணை இருக்கு. பிளாஸ்க்ல டீ இருக்கு. புத்தகம் இருக்கு. நீங்க எட்டுன்னா நானும் எட்டு. நான் காத்திருக்கேன்."

செக்கர் மூடியிருந்த லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்களில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறார், ஓடியவர்களைப் பார்த்திருக்கிறார். தலையணையோடு உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றவர் யாரையும் பார்த்ததில்லை. மாலை நான்கு மணிக்கு ஜன்னலில் ஆடிய கரண்டி ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஒன்பது," என்றார்.

"கேக்கல சார்," என்றாள் பரிசோதகர்.

"ஒன்பது! ஒன்பது! காது கேக்காதவங்களைத்தான் வேலைக்கு வெக்கறாங்களா?"

சாவியை எடுக்கப் போனார். அவசரத்தில் ஊக்கு வளைந்து மாட்டிக்கொண்டது. தையல்காரம்மா கத்திரிக்கோலோடு வந்து பையையே அறுத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "சாயங்காலம் தைச்சுத் தரேன், அண்ணே," என்றாள், ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போல.

மேலே ஏறிப் போனார்கள். மூன்றாவது மாடியில் செக்கர் மூச்சு வாங்க உட்கார்ந்தார். லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து, "மெதுவாங்க, எனக்கொண்ணும் அவசரமில்ல," என்று ஆறுதல் வந்தது. மோட்டார் அறையில் பரிசோதகர் ஒரு இரும்புச் சக்கரத்தைக் காட்டினாள்.

"நான் பிரேக்கைத் தூக்கிப் பிடிக்கறேன். நீங்க இதைச் சுத்துங்க. கையாலதான் இறக்கணும்."

"நானா?"

"வேற யாரு சார்?"

செக்கர் சுற்றினார். ஒரு சுற்றுக்கு ஒரு விரல்கடை இறங்கியது கூண்டு. கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். வேர்த்து விறுவிறுத்துச் சுற்றினார். வடத்தில் புதுசாக வெள்ளைச் சாயத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கோடு போட்டிருந்தது. அதை யார் போட்டார்கள் என்று யோசிக்கக்கூட மூச்சு மிச்சமில்லை. கோடு நேருக்கு வந்ததும், "போதும்," என்றாள் பரிசோதகர்.

இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தபோது, மனைவி தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் கோப்போடு, உறவினர் வீட்டிலிருந்து கிளம்புகிறவளைப் போல வெளியே வந்தாள். கோப்பைப் பரிசோதகரிடம் கொடுத்தாள்.

"மெக்கானிக் கொடுத்த அறிக்கை இதுல இருக்கும்மா. பிரேக் மாத்தியாச்சு. வடம் ஒண்ணு மாத்தியாச்சு. மணி புதுசு, மின்சாரம் போனாலும் பேட்டரியில அடிக்கும். விண்ணப்பத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். கட்டிடம் எங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ஒருத்தர் கையெழுத்துப் போதும்னு பின்பக்கம் போட்டிருக்கு."

"மெக்கானிக்கா? எப்ப வந்தான்?" என்றார் செக்கர்.

"வெள்ளிக்கிழமை மதியம். ரெண்டுலேருந்து நாலு. அன்னைக்குச் சாவி ஆணியில தொங்குச்சு."

"அப்ப எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே? எதுக்கு இந்த நாடகம்?"

"சொன்னா இன்னைக்குச் சாவியைக் கொடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்!"

"அதான்."

பரிசோதனை ஒரு மணி நேரம் நடந்தது. மின்சாரம் வந்தது. லிஃப்ட் ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு மாடியிலும் பரிசோதகர் குனிந்து இரும்பு அளவுகோலைத் தளத்தில் வைத்துப் பார்த்தாள். நான்கு விரல் பள்ளம் மாயமாகியிருந்தது. செக்கரும் அவள் பின்னாலேயே போய், அவள் வைத்த இடத்திலெல்லாம் தன் விரலை வைத்துச் சோதித்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

கடைசியில் பரிசோதகர் விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதியைப் படித்தாள். "மாட்டிக்கிட்டவங்களை மீட்கப் பொறுப்பாளர் ஒருத்தர் வேணும். இதுல ஐயா பேர் எழுதியிருக்கு. கட்டிடத்துலயே இருக்கணும், கையால லிஃப்டை இறக்கத் தெரியணும். இவருக்குத் தெரியுமா அம்மா?"

"இப்பத்தானே இறக்கினாரு? நீங்களே பக்கத்துல இருந்து பாத்தீங்க."

"ஆமா," என்று பரிசோதகர் ஒரு டிக் போட்டாள். காகிதத்தில் பென்சில் போட்ட டிக். "நல்லாத்தான் சுத்தினாரு. தினமும் காலைல லிஃப்டைப் பாத்துப் பதிவேட்டுல எழுதணும் சார். கட்டிடத்தை விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியே போறதா இருந்தா, உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும்."

செக்கர் கடைசியாக ஒருமுறை நிமிர்ந்தார். "நானும் உரிமையாளர்தான்!"

"தனக்குத்தானே லீவு கொடுத்துக்க முடியாது சார். பதினோராவது விதி."

அவர் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அவள் கைத்தடியோடு லிஃப்டில் ஏறினாள். கதவு குலுக்கலில்லாமல் மூடிக்கொண்டது. செக்கர் சமையலறை ஜன்னலுக்குப் போய் நின்றார். கீழே நாற்காலியில் உட்கார்ந்து அவள் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கைக்கு அகப்பட்ட ஒரு கரண்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அவள் தையல்காரம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. செக்கர் இதுவரை மனைவியிடம் பதினேழு விடுப்பு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று அனுமதிக்கப்பட்டன.